ஆரம்ப சுகாதார ஆய்வுகளின் ஒழுக்கநெறி விண்ணப்பங்கள் குறித்த கோரிக்கை மனு

வட மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளர், முல்லைத்தீவுப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர், யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீட ஒழுக்கநெறி மீளாய்வுக் குழுத் தலைவர் ஆகியோர் சமூகத்துக்கு, முள்ளியவளைப் பகுதிக் கிராம அபிவிருத்திச் சங்கத்தாரும் மாதர் சங்கத்தாரும் விநயமாகச் சமர்ப்பிப்பது:

பெருமதிப்புக்குரியீர்,

2009-ஆம் ஆண்டு யுத்தத்தில் சகலத்தையும் இழந்து, செட்டிகுளத்து முகாம்களில் முட்கம்பிக்குள் இருந்து, பின்னர் படிப்படியாக மீளக் குடியேறிய எங்கள் ஜனங்களின் தேகநிலையையும் மனோநிலையையும் அறிஞர்கள் ஆராய வருவதை நாங்கள் ஆட்சேபிக்கவில்லை. வட மாகாணத்தில் 25 ஆரம்ப சிகிச்சை நிலையங்களுக்கு வந்தோரிடையே மனநோய்களின் பரவலை அளந்து 2019-இல் வெளியான ஆய்வைப் போன்றவை இன்னும் வேண்டும் என்பதே எங்கள் அபிப்பிராயம்.

ஆயினும், விடியற்புறம் வந்து இலக்கம் எடுத்து, நீரிழிவுக்கும் பிரஷருக்கும் மருந்து வாங்கக் காத்திருக்கும் ஒரு தாயிடம், அவளுக்கு மருந்தெழுதும் டாக்குத்தரோ அவள் பேரப்பிள்ளையை நிறுத்துப் பார்க்கும் குடும்ப நல உத்தியோகத்தரோ சம்மதப் பத்திரத்தை நீட்டுவாராயின், முகாமிலும் பதிவிலும் காரணம் அறியாமலே எத்தனையோ படிவங்களில் ஒப்பமிட்டுப் பழகிய அந்தக் கை, மறுத்தால் அடுத்த முறை மருந்து தடைப்படுமோ என்ற பயத்தினால் இதிலும் ஒப்பமிடும். அதனைச் சம்மதம் என்று ஏற்க எங்கள் மனம் இடந்தரவில்லை. மருத்துவ ஆய்வு ஒழுக்கநெறி பற்றி 1964-இல் பிறந்த ஹெல்சிங்கிப் பிரகடனமும், வைத்தியரைச் சார்ந்து நிற்போரிடம் அவ்வுறவுக்குப் புறம்பான ஒருவரே சம்மதம் கேட்க வேண்டுமென்று விதித்திருக்கிறது. ஆகவே, அவ்வாறு கேட்கப்போகிறவர் யார் என்பதும், மறுப்பவருக்குச் சிகிச்சை குறையாதென்பதை எவ்விதம் தெரிவிப்பார்கள் என்பதும் விண்ணப்பத்தில் வெளிப்படையாக எழுதப்படாத எந்த ஆய்வுக்கும் அனுமதி அளிக்கலாகாது.

வீட்டில் எத்தனை பேர் என்று ஆய்வில் கேட்கும் சாதாரணக் கேள்வியே இங்கு சாதாரணமானதன்று. காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடி 2017 மார்ச் முதல் முல்லைத்தீவில் வீதியோரம் அமர்ந்த தாய்மார், அதற்கு என்ன எண்ணிக்கையைச் சொல்வார்கள்? அத்தகைய வினாவினால் ஒருவர் மனங்கலங்கினால் அவரை அன்றைக்கே எந்த வைத்தியசாலையில் யாரிடம் அழைத்துச் செல்வது, வாகனச் செலவை யார் ஏற்பது என்பன, "உரிய உதவி வழங்கப்படும்" என்ற பொதுவாசகத்தோடு நின்றுவிடாமல், திட்டமாகக் குறிக்கப்படவேண்டும். பெயரை நீக்கிவிட்டால் மட்டும் இரகசியம் காக்கப்பட்டதாகாது. சிற்றூரில் வயதும் தொழிலும் இழந்த உறவும் எழுதினாலே ஆளை அடையாளங் கண்டுகொள்வார்கள். 2022-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சுகாதாரத் தகவலை விசேஷ வகையில் சேர்த்திருக்கிறது.

மேற்கூறிய ஹெல்சிங்கிப் பிரகடனம் 2024 அக்டோபரில் திருத்தப்பட்டபோது, ஆய்வுக்கு முன்னும் இடையிலும் பின்னும் சமுதாயத்தாரோடு கலந்து பேசுதல் வலியுறுத்தப்பட்டது. எனவே ஆய்வில் பங்கேற்போருக்கான தமிழ்த் தகவற் பத்திரம் ஒழுக்கநெறிக் குழுவுக்குப் போகுமுன் கிராமக் கூட்டத்தில் வாசிக்கப்படவும், முடிவுகள் அதே கூட்டத்துக்குத் திரும்பிவரவும், குழுவில் வன்னியைச் சேர்ந்த பொதுமகன் அல்லது பொதுமகள் ஒருவர் அமரவும் ஆவன செய்யுமாறு வேண்டுகிறோம்.

இவை பற்றி நேரில் விளக்க எங்கள் பிரதிநிதிகளுக்கு ஒரு தினத்தைக் குறித்தருள்க. மாஞ்சோலை மாவட்டப் பொது வைத்தியசாலையில் அச்சந்திப்பு நிகழுமாயின், நோயாளரும் வந்து தம் வாயாலேயே பேச வசதியாயிருக்கும்.

இங்ஙனம்,
தலைவர், செயலாளர், அங்கத்தவர்கள்
முள்ளியவளை