கூட்டைக் காக்கும் மீனுக்கு ஒரு தவணை

கோடை பிறந்துவிட்டால் கனடாவில் வாழும் எம்மவர் பலர் தூண்டிலும் கையுமாக ஏரிக்கரைகளை நாடத் தொடங்கிவிடுகின்றனர். சிம்கோ ஏரி, கவார்தா ஏரிகள் என்று அவர்கள் அனுப்பும் படங்களில் அடிக்கடி காணக் கிடைப்பது பாஸ் என்னும் மீன். பெருவாய் பாஸ், சிறுவாய் பாஸ் என இதில் இரு வகைகள் உண்டு. தூண்டிலில் அகப்பட்டதும் நீரைக் கிழித்துத் துள்ளியெழுந்து போராடுவது இரண்டினதும் இயல்பு. வட அமெரிக்கர்கள் இம்மீன் மீது கொண்டுள்ள மோகத்துக்கும் அதுவே காரணம்.

தென் ஒன்ராறியோவின் பெரும்பாலான நீர்நிலைகளில் பாஸ் பிடிக்கும் பருவம் ஜூன் மாதப் பிற்பகுதியில் ஒரு சனிக்கிழமையன்றுதான் திறக்கிறது. திகதி வலயத்துக்கு வலயம் சற்று மாறும். பருவம் மூடியிருக்கையில், திரும்பவும் நீரில் விட்டுவிடும் எண்ணத்துடன்கூட அதனைப் பிடிக்க முயல்வது சட்டவிரோதம். "விட்டுவிடத்தானே போகிறோம், இதிலென்ன தீங்கு?" என்று கேட்போர் இருக்கின்றனர். கேட்கும்போது நியாயமாகவே தோன்றும் கேள்விதான். ஆனால் அதற்கான விடை நீருக்கு அடியில் இருக்கிறது.

வசந்தத்தில் நீரின் வெப்பம் ஏறத்தாழ 15 பாகை செல்சியசை எட்டும்போது, ஆண் பாஸ் கரையோர ஆழமற்ற நீரில் வாலால் மணலையும் சரளையையும் விலக்கி வட்டமானதொரு கூட்டை அமைக்கிறது. பெண் முட்டையிட்டுவிட்டு அகன்றுவிடும். அதன்பின் முட்டைகளையும், பொரிக்கும் குஞ்சுகளையும் வாரக்கணக்கில் காவல் காப்பது தகப்பன் மீன் மட்டுமே. அக்காலத்தில் அது மிகக் குறைவாகவே உண்ணும். கூட்டருகே வந்து விழும் தூண்டில் இரையை அது கவ்வுவது பசியினால் அன்று. எதிரியை விரட்டவே கவ்வுகிறது. காவல் நிற்கும் மீன் எளிதில் அகப்படுவதன் இரகசியம் இதுதான்.

அதைப் பிடித்து, படமெடுத்து, விடுவதற்குச் சில நிமிடங்களே போதும். அந்தச் சில நிமிடங்களில் சூரியமீன்களும் பேர்ச் மீன்களும் கூட்டினுள் புகுந்துவிடும். ஈரி ஏரியில், 1990ஆம் ஆண்டளவில் பேரேரிகளுக்குள் வந்துசேர்ந்த கோபி என்னும் அந்நிய மீனும் இக்கொள்ளையில் சேர்ந்துகொண்டிருக்கிறது. போராடிக் களைத்துத் திரும்பும் தகப்பன் சிலவேளைகளில் கூட்டையே கைவிட்டுவிடுகிறது. ஒன்ராறியோவின் ஒபினிக்கன் ஏரியில் ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக நீரினுள் இறங்கிக் கூடுகளை அவதானித்துக் கண்ட உண்மை இது.

மறுதரப்பிலும் வாதம் உண்டு. அமெரிக்காவின் தென்மாநிலங்கள் பலவற்றில் மூடிய பருவமே கிடையாது. அங்கு பாஸ் அழிந்துவிடவில்லை. ஒரு கூட்டில் ஆயிரக்கணக்கில் முட்டைகள் இருப்பதால் சில கூடுகள் அழிந்தாலும் இனம் தப்பும் என்பர். ஆனால் தெற்கின் கோடை நீண்டது. வடக்கிலோ, குறுகிய கோடைக்குள் போதிய அளவு வளராத குஞ்சு முதற் பனிக்காலத்தைத் தாண்டுவது அரிது. ஒரு கூட்டை இழந்தால் அந்த ஆண்டையே இழந்ததாக ஆகிவிடும். ஆகவே தெற்கின் கணக்கை வடக்கின் ஏரிகளுக்குப் பொருத்திப் பார்ப்பது சரியன்று.

எம்மவர்க்கு இதை விளக்க அதிகம் சொல்லத் தேவையில்லை. வன்னிக் குளங்களில் விராலைக் கண்டவர்களுக்கு இக்கதை புதிதல்ல. செந்நிறக் குஞ்சுக் கூட்டம் நீர்மட்டத்தில் நெளிந்து செல்லும்போது, கீழே தாயோ தகப்பனோ காவல் வரும் என்பது ஊர்ச் சிறுவருக்கும் தெரியும். அந்த இடம் பார்த்துத் தூண்டில் போட்டால் விரால் நிச்சயம். அதன்பின் அநாதைகளாகும் அக்குஞ்சுகளின் கதியும் நிச்சயம்.

சட்டத்துக்கு அஞ்சி மட்டும் இவ்விதியை மதிக்க வேண்டியதில்லை. காரணம் அறிந்து மதிப்பதே மேல். வேறு மீனுக்கு இட்ட தூண்டிலில் பருவத்துக்கு முன் பாஸ் அகப்பட்டால், படமெடுக்கக் காத்திராமல் அவ்விடத்திலேயே உடனே விட்டுவிடுங்கள். குளிர்ந்த ஏரிகளில் பருவம் திறந்த பின்னரும் சில மீன்கள் காவலில் நிற்கும். கரையோரம் வட்டக் கூட்டைக் கண்டால் படகை அப்பால் திருப்புங்கள். ஆழநீரில் பசியோடு அலையும் பாஸ் வேண்டிய மட்டும் உண்டு. சில வாரப் பொறுமை எமக்குப் பெரிய இழப்பன்று; அந்த ஏரிக்கோ அதுவே அடுத்த தலைமுறை.