கேட்டைத் திறக்கலாம், ஆட்களுக்கு எங்கே போவது?

கண்டியிலிருந்து மாத்தளை ஊடாகத் தம்புள்ளைக்குப் போகும் ஏ-9 வீதியில் பயணம் செய்தவர்களுக்கு நமது ஸ்பைஸ் கார்டன்களைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. மாத்தளை நகருக்கு இப்பாலும் அப்பாலும், பலாபத்வெல, மடவல உல்பத பக்கமெல்லாம், வீதியோரத்தில் பெரிய பெயர்ப்பலகையும் வேன் நிறுத்த இடமுமாக வரிசையாக இருக்கின்றன. சீகிரியாவுக்குப் போகும் வெள்ளைக்காரர் வழியில் ஒரு மணித்தியாலம் இறங்கி, மிளகுக் கொடியையும் கறுவாப் பட்டையையும் ஏலத்தையும் கொக்கோக் காயையும் பார்த்து, எண்ணெய் தடவிக்கொண்டு, கடைசியில் கடைக்குள் வந்து ஏதாவது வாங்கிக்கொண்டு போவார். அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தில்தான் முதலாளிக்கு வருமானம்.

மாத்தளையில் ராட்டினமும் ரயில் விளையாட்டும் உள்ள பெரிய பூங்கா கிடையாது. அதற்கு ஹன்வெல்லைக்கோ பண்டாரகமைக்கோ போக வேண்டும். நம் மாவட்டத்தில் எல்கடுவ செம்புவத்தையில் படகும் நீச்சல் தடாகமும் உண்டு, அவ்வளவுதான். ஆனால் தொழில் என்று பார்த்தால் ஸ்பைஸ் கார்டனும் ஒரு கேளிக்கைப் பூங்காவே. இரண்டிலும் வாடிக்கையாளர் காசு கொடுப்பது ஒரு மணித்தியால அனுபவத்துக்கு. அந்த அனுபவத்தைக் கொடுப்பது ஊழியர். ஏலச்செடி தானாகப் பேசாது.

கொரோனா வந்தபோது உலகத்தில் பெரும்பாலான பூங்காக்கள் மூடின. கலிபோர்னியாவில் உள்ள டிஸ்னிலேண்ட் 2020 மார்ச்சில் மூடியது, 2021 ஏப்ரல் 30ஆம் திகதிதான் மீண்டும் திறந்தது. ஒரு வருடத்துக்கும் மேல். ஷங்ஹாயில் உள்ளது 2020 ஜனவரியில் மூடி மே 11இல் திறந்துவிட்டது. ஆனால் ஒரே நாளில் பழைய கூட்டத்தை உள்ளே விடவில்லை. நாளொன்றுக்கு 80 ஆயிரம் பேர் கொள்ளும் இடத்தில் மூன்றிலொரு பங்குக்கும் குறைவாக அனுமதித்து, ஊழியர் பழகப் பழகக் கூட்டினார்கள். அந்தக் கம்பனி 2020 ஏப்ரலில் ஏராளமான ஊழியர்களின் சம்பளத்தை நிறுத்தியது, எனினும் மருத்துவக் காப்புறுதியை வெட்டவில்லை. செப்டம்பரில் பொறுக்க முடியாமல் அமெரிக்காவில் 28 ஆயிரம் பேரை நீக்கப்போவதாக அறிவித்தது. அடுத்த வருடமே புளோரிடாவில் சமையற்காரர்களும் அறை துப்புரவு செய்பவர்களும் கிடைக்காமல், வேலைக்குச் சேர்ந்தால் 1000 டொலர் தருகிறோம் என்று விளம்பரம் போட்டார்கள். அவ்வளவு பெரிய கம்பனிக்கே அந்த நிலை.

இனி நம் கதைக்கு வருவோம். 2020 மார்ச்சில் நாட்டில் ஊரடங்கு வந்தது, விமான நிலையம் உல்லாசப் பிரயாணிகளுக்கு மூடப்பட்டது. 2021 ஜனவரி 21ஆம் திகதிதான் முறைப்படி திறந்தது. 2018இல் 23 இலட்சத்துக்கும் அதிகமான பிரயாணிகள் வந்த நாட்டுக்கு 2021 முழுவதிலும் வந்தவர்கள் இரண்டு இலட்சத்துக்கும் குறைவு. அந்தக் காலத்தில் தோட்டத்து மிளகுக் கொடிக்குக் கொரோனா தெரியாது. அது காய்த்தது, கராம்பு பூத்தது. சொந்தக் காணி உள்ள முதலாளி அதைப் பறித்துக் காயவைத்து விற்று ஒருவாறு தாக்குப்பிடித்தார். லீசிங்கில் வேன் எடுத்தவரும் வங்கியின் கடன் சலுகையால் கொஞ்சம் மூச்சு விட்டார். கைடு பையனுக்கு ஒன்றும் இல்லை.

அதற்குக் காரணத்தை விளங்கிக்கொள்ள வேண்டும். 2020 மேயில் தொழில் அமைச்சும் தொழில் கொள்வோரும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து ஓர் உடன்பாடு செய்தார்கள். வேலையில்லாமல் வீட்டில் இருக்கும் ஊழியருக்கு அடிப்படைச் சம்பளத்தில் பாதி, அல்லது 14,500 ரூபா, இரண்டில் எது கூடவோ அது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நமது தோட்டங்களில் எத்தனை கைடுகளுக்கு அடிப்படைச் சம்பளம் என்று ஒன்று இருந்தது? பெரும்பாலானோர் விற்பனைக் கொமிஷனிலும் சந்தோஷக் காசிலும் வாழ்ந்தவர்கள். சம்பளப் பட்டியலில் பெயர் இல்லை, ஊழியர் சேமலாப நிதி இல்லை. இல்லாத சம்பளத்தில் பாதி எவ்வளவு? கணக்குத் தெரிந்த வியாபாரிகள்தானே நாம், போட்டுப் பார்ப்போம்.

நான் மற்றவர்களைக் குறை சொல்ல மட்டும் எழுதவில்லை. எனக்கு நகரில் சிறிய வாசனைத்திரவியக் கடை, சில தோட்டங்களுக்குச் சரக்குக் கொடுக்கிறேன். கடையில் இரண்டு பையன்கள் இருந்தார்கள். ஒருவன் பதினொரு வருடம் நின்றவன். மிளகை உள்ளங்கையில் அள்ளிப் பார்த்தே ஈரம் எவ்வளவு என்று சொல்லுவான். 2020 ஏப்ரலில் இருவருக்கும் ஐயாயிரம் ரூபாவும் ஒரு மூட்டை அரிசியும் கொடுத்து, கடை திறந்ததும் சொல்லி அனுப்புகிறேன் என்றேன். அதற்குப் பிறகு ஒரு தொலைபேசி அழைப்புக்கூட எடுக்கவில்லை. வெட்கம்தான் காரணம், கொடுக்கக் காசில்லாதவன் எந்த முகத்தோடு பேசுவது? 2021 கடைசியில் தேடியபோது அவன் கட்டாருக்குப் போய்விட்டான். புதிதாக வந்த பையன் ஈர மிளகைக் காய்ந்த மிளகு என்று வாங்கிப் போட்டு, அது பூஞ்சணம் பிடித்து, ஒரு தோட்டக்காரர் என்னிடம் வாங்குவதையே நிறுத்திவிட்டார். இரண்டு பையன்களுக்கும் மாதம் பத்தாயிரம் வீதம் கொடுத்திருந்தாலும் எனக்கு அந்த நஷ்டத்தைவிடக் குறைவாகவே முடிந்திருக்கும்.

என்னுடைய பையன் மட்டும் போகவில்லை. 2022இல் டொலர் இல்லாமல், பெற்றோல் வரிசையும் கேஸ் வரிசையுமாக நாடு நின்றபோது, அந்த ஒரு வருடத்தில் மட்டும் மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் வெளிநாட்டு வேலைக்குப் போனார்கள். ரஷ்யனும் ஜேர்மனும் பேசப் பழகிய கைடுக்கு டுபாய் ஹோட்டலில் வேலை கிடைப்பது கடினமா? அந்தப் பாஷையை அவர்கள் வகுப்பில் படிக்கவில்லை. பத்து வருடம் தோட்டத்தில் நின்று, வந்தவர்களிடமே கற்றுக்கொண்டது. அதை நாம் சும்மா கொடுத்து அனுப்பிவிட்டோம்.

இப்போது ஆட்கள் வந்துவிட்டார்கள், அல்ஹம்துலில்லாஹ். 2023இல் ஏறத்தாழ 15 இலட்சம், 2024இல் 20 இலட்சத்துக்கு மேல், 2025இல் 2018ஆம் ஆண்டின் கணக்கையும் தாண்டிவிட்டது. ஆனால் தோட்டங்களில் நிற்பவர்கள் யார்? நேற்று வந்த பையன்கள். நாலு வரி ஆங்கிலம் மனனம், ஐந்தாவது வரியில் எண்ணெய்ப் போத்தலின் விலை. கேள்வி கேட்டால் பதில் இல்லை. கொமிஷனை மட்டும் நம்பி நிறுத்தப்பட்டவன் விற்கத்தான் பார்ப்பான், விளக்கப் பார்க்க மாட்டான். அவன் மீது என்ன குற்றம்? சாரதிக்குக் கொமிஷன், கைடுக்குக் கொமிஷன், அதையெல்லாம் போத்தலின் விலையில் ஏற்றி வைத்துவிட்டு, பிரயாணி முகத்தைச் சுளிக்கிறார் என்று நாம் வருத்தப்படுகிறோம். வீட்டுக்குப் போய் அவர் என்ன எழுதுகிறார் என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லித் தொலைபேசியில் வாசித்துப் பாருங்கள்.

இன்னொன்று. வருபவர்களும் மாறிவிட்டார்கள். இப்போது முதலிடத்தில் இருப்பது இந்தியா. கேரளத்திலிருந்து வருபவருக்கு மிளகுக் கொடியைக் காட்டி அதிசயம் என்று சொன்னால் அவர் சிரிப்பார், அவர் வீட்டு முற்றத்திலேயே அது இருக்கும். அவரிடம் பேச வேறு விஷயம் வேண்டும். நமது கறுவா அவர்கள் சந்தையில் கிடைக்கும் கசியாப் பட்டையிலிருந்து எப்படி வேறுபடுகிறது, எப்படி உரிக்கிறார்கள், எப்படிச் சுருட்டுகிறார்கள் என்று காட்ட வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து வருபவரிடம் தமிழில் பேச உக்குவளையிலும் வரக்காமுறையிலும் நம் பிள்ளைகள் எத்தனை பேர் சும்மா இருக்கிறார்கள்! அரபு நாட்டுக் குடும்பம் வந்தால் தொழுவதற்கு ஓர் அறை, குடும்பப் பெண்களோடு பேச ஒரு பெண் ஊழியர். இதற்கெல்லாம் பெரிய முதல் தேவையில்லை. ஆள் தேவை. பெண்பிள்ளைகளை வேலைக்கு எடுப்பது பற்றி ஊரில் பலருக்குப் பல கருத்து உண்டு. மாலையில் பாதுகாப்பாக வீட்டில் கொண்டுபோய் விட வேனும், ஒழுங்கான சம்பளமும் இருந்தால் பெற்றோர் அனுப்புவார்கள் என்பது என் அபிப்பிராயம்.

சம்பளம் என்று சொன்னதும் முதலாளிமார் என்னைக் கோபத்தோடு பார்ப்பது தெரிகிறது. தேசிய ஆகக்குறைந்த சம்பளம் 2025 ஏப்ரலிலிருந்து 27 ஆயிரம் ரூபா, 2026 ஜனவரியிலிருந்து 30 ஆயிரம். அதற்கு மேல் முதலாளி பங்காக சேமலாப நிதிக்கு 12 வீதம், நம்பிக்கை நிதிக்கு 3 வீதம். பாரம்தான், மறுக்கவில்லை. ஆனால் கூலியாளின் வியர்வை காயுமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள், கூலி என்று ஒன்றையே நிர்ணயிக்காமல், விற்றால் உனக்கு, விற்காவிட்டால் உன் நசீப் என்று ஆளை நிறுத்துவதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? அடிப்படைச் சம்பளத்தைக் கொடுத்து, அதற்கு மேல் கொமிஷனைக் குறைத்துக் கொடுங்கள். எண்ணெய் விலையும் இறங்கும், பையனும் நிதானமாகப் பேசுவான்.

மூடுவது இனி நடக்காது என்று யாரும் நினைக்க வேண்டாம். 2019 ஏப்ரலில் குண்டு வெடித்தது. அதன் பிறகு நம்மவர் கடைகளுக்கு யார் வந்தார், யார் வரவில்லை என்பதை இங்கு விவரிக்கத் தேவையில்லை. 2020இல் கொரோனா, 2022இல் பொருளாதாரம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்து கண்டியையும் மாத்தளையையும் மண்சரிவிலும் வெள்ளத்திலும் ஆழ்த்தியது. ஏழு வருடத்தில் நாலு தடவை. ஆகவே மூடும் காலத்துக்கென்று ஒரு பணம் ஒதுக்கியே வைக்க வேண்டும். பன்னிரண்டு பேர் வேலை செய்யும் ஒரு தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஆளுக்கு மாதம் 15 ஆயிரம் வீதம் மூன்று மாதம் கொடுக்க 5 இலட்சத்து 40 ஆயிரம் ரூபா வேண்டும். மூன்று வருடத்தில் சேர்ப்பதானால் மாதம் 15 ஆயிரம். சீசனில் ஒரு தோட்டம் சாரதிமாருக்குக் கொடுக்கும் கொமிஷனோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். தனித்தனியாகச் செய்யக் கஷ்டமென்றால் பத்துத் தோட்டக்காரர்கள் சேர்ந்து ஒரு கணக்கில் போடலாம், வட்டியில்லாத கணக்கில். சீட்டுப் பிடிக்கத் தெரிந்த ஊருக்கு இது புதிய வித்தையல்ல.

போனவர்களைக் கூப்பிடுவதும் நடக்காத காரியம் இல்லை. கட்டாரிலும் டுபாயிலும் இரண்டு வருட ஒப்பந்தம் முடித்துப் பலர் விடுமுறையில் வருகிறார்கள். வந்தவரிடம் போய்ப் பேசுங்கள். பழைய தோட்டத்தில் தலைமைக் கைடாக நின்று நாலு பையன்களைப் பழக்கினால் இவ்வளவு சம்பளம் என்று கடிதத்தில் எழுதிக் கொடுங்கள். வாய்ப்பேச்சை அவர்கள் 2020இல் கேட்டு முடித்துவிட்டார்கள். ஷங்ஹாய்க்காரர்கள் செய்தது போல, புதிய பையன்களைச் சீசன் தொடங்குமுன் ஆட்கள் குறைவாக வரும் மாதங்களில் எடுத்துப் பழக்க வேண்டும். டிசம்பரில் பஸ் வந்து நின்ற பிறகு பழக்க முடியாது.

குளிர்கால சீசனுக்கு ஆள் எடுப்பது பற்றி, நோன்பும் பெருநாளும் குறுக்கிடாத ஒரு நாளில், அஸருக்குப் பின் தோட்டக்காரர்கள் நாலைந்து பேர் கூடிப் பேசினால் நல்லது. இடம் இல்லையென்றால் என் கடையின் பின்பக்கம் இருக்கிறது. தேநீர்ச் செலவு என்னுடையது, ஏலம் போட்டே தருகிறேன்.