புல்லுக்கு இறைத்த நீர்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொல்லி வைத்த பெரியவர்கள், தோட்டம் போட்டுப் பார் என்று ஏன் சேர்த்துச் சொல்லவில்லை? காரணம் இருக்கிறது. அந்தக் காலத்தில் தோட்டத்தை யாரும் 'போடவில்லை'. வாசலில் ஒரு வேம்பு, கிணற்றடியில் வாழை, புழக்கடையில் முருங்கை, குளித்த தண்ணீர் ஓடுகிற வழியில் கறிவேப்பிலை என்று அது வீட்டோடு கூடவே வளர்ந்தது. நாம்தான் அதை ஆள் வைத்துப் போடுகிறோம். அப்படிப் போட்டு, நான் பட்ட பாட்டைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

எங்கள் வீடு சென்னிமலை அடிவாரத்தில் இருக்கிறது. திருப்பூர் குமரன் 1904-ஆம் ஆண்டில் பிறந்த ஊர்; போர்வைக்கும் படுக்கை விரிப்புக்கும் பெயர் போன ஊர். மேலே முருகன், கீழே தறிகள். தண்ணீர் மட்டும் அன்றும் இன்றும் கணக்குத்தான். மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவ மழையை மறித்துக்கொண்டு விடுவதால், கொங்குச் சமவெளி ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பித்தான் வாழ்கிறது. மலைமேல் இருக்கும் முருகனுக்கு அபிஷேகத் தீர்த்தம் காளையின் முதுகில் படியேறித்தான் போகிறது. சுவாமியே தண்ணீரை இப்படிச் சிரமப்பட்டுப் பெறுகிற ஊரில், அடியேன் ஒரு புல்வெளி போட ஆசைப்பட்டேன்.

அப்பா பள்ளிக்கூட ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டைச் சுற்றிப் பத்து சென்ட் இடம். நாற்புறமும் தாத்தா காலத்துக் கிளுவை வேலி. நான் வெளியூரில் உத்தியோகம் பார்ப்பவன். அப்பாவுக்கு எழுபது நிறைகிறதே, விருந்தாளிகள் வருவார்களே, வீட்டு முற்றத்தைக் கொஞ்சம் அழகுபடுத்தலாமே என்று தோன்றியது. தை மாதத்தில் ஒரு தோட்டக் கான்ட்ராக்டரை அழைத்து வந்தேன். செல்போனில் நூறு படங்கள் காட்டினார். ஊட்டியையே பெயர்த்துக்கொண்டு வந்து சென்னிமலை அடிவாரத்தில் வைத்துவிடுவார் போலிருந்தது!

"இந்தக் காஞ்ச குச்சியெல்லாம் எதுக்கு சார்? எடுத்துட்டுக் கம்பி வேலி போட்டா பளிச்சுன்னு இருக்கும்" என்றார்.

கிளுவை கோடையில் இலை உதிர்த்து மொட்டையாக நிற்கும். முதல் மழைக்குத் துளிர்த்துவிடும். இது அவருக்கும் தெரியவில்லை, அந்த வேலியின் நிழலில் கோலி விளையாடி வளர்ந்த எனக்கும் நினைவில்லை. அப்பா மட்டும், "அது காயலப்பா, தூங்குது" என்று மெதுவாகச் சொன்னார். "நீங்கள் சும்மா இருங்கள் அப்பா" என்றேன். முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளைச் சும்மா இருக்கச் சொன்னவர், அன்று ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்விட்டார்.

ஒரே வாரத்தில் எல்லாம் முடிந்தது. வேலி போயிற்று, அதோடு அதில் படர்ந்திருந்த கோவைக்கொடியும் பிரண்டையும் போயின. "இலை கொட்டிக் குப்பையாகும்" என்று முருங்கையும் போயிற்று. முற்றத்தில் சிமெண்ட் கல் பதித்தார்கள். இரண்டு சென்ட் பரப்புக்குக் கொரியாப் புல்லாம், பாய் விரித்தாற்போல் விரித்தார்கள். விருந்தாளிகள் வந்து, மூக்கின்மேல் விரலை வைத்துவிட்டுப் போனார்கள். நானும் ஒரு லட்ச ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனேன்.

பங்குனியில் அம்மாவிடமிருந்து போன் வந்தது. கிணற்றில் மோட்டார் காற்றை இழுக்கிறதாம்.

அப்போதுதான் காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். வெயில் காலத்தில் புல்வெளிக்கு ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்குச் சுமார் 5 லிட்டர் தண்ணீர் வேண்டும். இரண்டு சென்ட் என்பது ஏறக்குறைய 80 சதுர மீட்டர். ஆகவே நாள்தோறும் 400 லிட்டர்! அப்பாவும் அம்மாவும் குளித்து, சமைத்து, துவைத்துச் செலவழிக்கும் தண்ணீரைவிட அந்தப் புல் குடிக்கும் தண்ணீர் அதிகம். பாரி முல்லைக்குத் தேர் கொடுத்தான். நான் புல்லுக்கு லாரித் தண்ணீர் கொடுத்தேன். பாரிக்குப் புகழ் வந்தது. எனக்குப் பில் வந்தது.

பணம் போனதைக்கூட மறந்துவிடலாம். மறக்க முடியாதது வேறொன்று.

எங்கள் பின்வீட்டில் தறி நெய்து பிழைக்கும் ஓர் அம்மாள் இருக்கிறார். குழாய்த் தண்ணீர் வராத நாட்களில் எங்கள் கிணற்றில் இரண்டு குடம் எடுத்துப் போவார். பாட்டி காலத்திலிருந்து நடக்கிற வழக்கம். யாரும் கேட்டதில்லை, யாரும் கொடுத்ததாக நினைத்ததும் இல்லை. பங்குனிக்குப் பிறகு அவர் வரவில்லை. வெயிலில் தெருக்கோடி அடிபம்புக்கு நடந்து போவதை ஒருநாள் அம்மா பார்த்துவிட்டுக் கூப்பிட்டுக் கேட்டாராம்.

"உங்க புல்லுக்கே தண்ணி பத்தாம லாரி வருதுங்க. அதுல நான் வேற கொடத்தத் தூக்கீட்டு வந்து நிக்கறதுங்களா அக்கா?" என்றாராம் அவர்.

கோபமாகச் சொல்லியிருந்தால் எவ்வளவோ தேவலை. நெல்லுக்குப் பாய்ந்த தண்ணீர் புல்லுக்கும் போய்ச் சேரும் என்பது ஔவையார் கண்ட நியாயம். எங்கள் வீட்டிலோ புல்லுக்குப் பாய்ந்த தண்ணீர் ஒரு மனுஷியின் குடத்தைக் காலியாக்கிவிட்டது.

சித்திரை பிறப்பதற்குள் புல்லும் பழுத்துக் காய்ந்தது. கான்ட்ராக்டரைக் கேட்டால், "பராமரிப்புக்குத் தனி ஒப்பந்தம் போடணும் சார்" என்றார்.

அதன் பிறகு அப்பா ஓர் ஆளைச் சொல்லி அனுப்பினார். காங்கயம் பக்கத்துப் பெரியவர். கொறங்காடுகளுக்கு வேலி கட்டியே தலை நரைத்தவர். கொறங்காடு பார்த்திராத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. அது உழுது பயிரிடாத மேய்ச்சல் நிலம். தரையில் கொழுக்கட்டைப் புல், ஊடே வெள்வேல மரங்கள், சுற்றிலும் முள்ளடர்ந்த கிளுவை வேலி. காங்கயம் மாடுகள் மேய்ந்து வளர்வது அங்கேதான். கிணற்றிலிருந்து ஒரு சொட்டு இறைக்காமல், வானம் கொடுப்பதை மட்டும் வைத்துக்கொண்டு அந்த நிலம் தலைமுறை தலைமுறையாக உயிரோடு இருக்கிறது. தோட்டக்கலையில் இதற்கு மேலும் ஒரு படிப்பு இருக்கிறதா என்ன?

பெரியவர் படம் எதுவும் காட்டவில்லை. முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து இரண்டே கேள்விகள் கேட்டார்.

"கெணத்துல எத்தனை அடி தண்ணி நிக்குதுங்க? கூரைத் தண்ணி எங்க போவுதுங்க?"

இந்த இரண்டையும் கான்ட்ராக்டர் கேட்கவில்லை; நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

"கூலி என்ன?" என்றேன்.

"நாளைக்கு 700 ரூபாயுங்க. மத்தியானம் சோறு போட்டுருங்க."

"600 வைத்துக்கொள்ளுங்களேன்" என்று என் வாய் தன் வழக்கப்படி சொல்லிவிட்டது. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "அந்தப் பையனுக்கு ஒரு லட்சத்த வாயத் தொறக்காம எடுத்துக் குடுத்தியே கண்ணு" என்றார். நான் மறுபேச்சுப் பேசவில்லை. 700 என்றே முடிவாயிற்று.

அவர் முதலில் செய்த வேலை, பதித்த கற்களில் பாதியைப் பெயர்த்தது. கூரைத் தண்ணீர் இறங்கும் குழாயைக் கிணற்றோரம் கொண்டு வந்து, குழி வெட்டி, ஜல்லியும் மணலும் நிரப்பினார். தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டிலேயே வீடுதோறும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாயிற்று. எங்கள் வீட்டிலும் ஒரு குழாய் இருக்கத்தான் செய்தது. அது சாக்கடையைப் பார்த்து இருந்தது! 1000 சதுர அடிக் கூரையில் ஆண்டுக்கு 650 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 60,000 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு சேதாரம் போனாலும் 48,000 லிட்டர் மண்ணுக்குள் இறங்கும். என் புல்வெளி அதை நாலே மாதத்தில் குடித்துத் தீர்த்திருக்கும்.

பாத்திரம் கழுவும் தண்ணீரை வாழைக்குத் திருப்பினார். முருங்கைப் போத்து ஒன்று நட்டார். உதிர்ந்த இலைகளைக் கூட்டிக் கொளுத்தப் போன என்னைத் தடுத்து, செடிகளின் காலடியில் மூடாக்காகப் பரப்பினார், ஈரம் காயாதாம். ஐப்பசி மழை விழுந்ததும், ஒரு கட்டுக் கிளுவைப் போத்துகளோடு வந்து, கடப்பாரையால் குழி போட்டு நெருக்கமாக நட்டுக்கொண்டே போனார். அப்பா கூடவே நடந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார்.

"புல்லு வேண்டாமா?" என்று கேட்டேன்.

"மழைக்கு வர்ற புல்லு வரட்டுமுங்க. காஞ்சா காயட்டுமுங்க. மறுக்கா மழைக்கு வரும்" என்றார்.

வாசகர்களில் பலர் இன்று ஆள் வைத்துத்தான் தோட்டம் போட வேண்டியிருக்கிறது. அதில் தவறில்லை. ஆனால் ஒரு லட்ச ரூபாய் கொடுத்துப் படித்த பாடத்தை இனாமாகத் தருகிறேன், வாங்கிக்கொள்ளுங்கள். முதலாவது, வருகிறவர் உங்கள் தண்ணீரைப் பற்றிக் கேட்கிறாரா என்று பாருங்கள். இரண்டாவது, அவர் போன மாதம் போட்ட தோட்டத்தைப் பார்க்காதீர்கள். இரண்டு கோடை கடந்த தோட்டத்தைப் போய்ப் பாருங்கள். மூன்றாவது, செடி பட்டுப்போனால் யார் பொறுப்பு, களையெடுப்பதும் கவாத்துச் செய்வதும் யார் வேலை, எத்தனை நாளைக்கு ஒரு தரம் என்பதை முன்பே பேசி எழுதிக்கொள்ளுங்கள். நான்காவது, கிணற்றுப் பக்கம் களைக்கொல்லி அடிக்க விடாதீர்கள். ஐந்தாவது, இருக்கிற மரத்தை வெட்டுவதற்கு முன் ஒரு மழைக்காலம் பொறுத்துப் பாருங்கள். கடைசியாக, கூலியைப் பேரம் பேசுவதற்கு முன், கோட்டுப் போட்டு வந்தவரிடம் நீங்கள் பேரம் பேசினீர்களா என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள்.

கார்த்திகையில் ஊருக்குப் போயிருந்தேன். காலையில் அப்பா வேலியோரம் குனிந்து எதையோ எண்ணிக்கொண்டிருந்தார். நட்ட போத்துகளில் எத்தனை துளிர்த்திருக்கின்றன என்று கணக்கு. "தூங்கி எழுந்துவிட்டதா அப்பா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். தை மாதத்துக்குப் பிறகு என்னைப் பார்த்து அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அம்மா தாமே போய்ப் பின்வீட்டு அம்மாளை அழைத்து வந்திருந்தார். அவர் கிணற்றடியில் குடத்தை வைத்துவிட்டு, இடுப்பளவு கூட வளராத வேலியைப் பார்த்தார்.

"பெரண்டை எப்பங்க்கா ஏறும்? தொவையல் அரைச்சு வருசமாச்சு" என்றார்.

அதற்குள் ஏறாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அடுத்த நாளே ஒரு பிரண்டைத் துண்டை எங்கிருந்தோ தேடிக் கொண்டுவந்து நானே என் கையால் நட்டு வைத்தேன். அதற்கு மட்டும் ஆள் வைக்கவில்லை.