பெருகிய வயிறுகளின் மீதா பழி?

2020 நவம்பர் 28. ஆப்பிரிக்காவிலே, நைஜீரியாவின் வடகிழக்கில் உள்ள போர்னோ மாநிலத்தில் நெல் அறுவடை நடந்துகொண்டிருந்தது. வயலில் இறங்கியிருந்த விவசாயக் கூலிகளைப் பயங்கரவாதிகள் கட்டிப்போட்டுக் கழுத்தை அறுத்தனர். மறுநாள் 43 சடலங்கள் புதைக்கப்பட்டன. மாண்டவர்களில் பலர் சுமார் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து கூலி தேடி வந்தவர்கள்.

கொன்றவர்கள் யார்? போகோ ஹராம் கூட்டத்தார். அவர்களிலும் பலர் ஏழை வீட்டுப் பிள்ளைகளே. ஏழையின் கையிலிருந்த கத்தி ஏழையின் கழுத்துக்கே வந்தது எப்படி?

"ஜனத்தொகை பெருகிவிட்டது, அதுதான் காரணம்" என்று மேதாவிகள் சிலர் கூறுகிறார்கள். 1960-ல் சுதந்திரம் பெற்றபோது நைஜீரியாவில் சுமார் நாலரைக் கோடிப் பேர். இன்று 20 கோடிக்கு மேல். ஏறக்குறைய பாதிப்பேர் இருபது வயதை எட்டாதவர்கள். இது உண்மை. ஆனால் எந்தக் குழந்தையும் துப்பாக்கியுடன் பிறப்பதில்லை. வயிற்றோடு இரண்டு கைகளும் பிறக்கின்றன. அந்தக் கைகளுக்கு வேலை எங்கே என்பதே நமது கேள்வி.

வடக்கு நைஜீரியாவின் காடுனா நகரம் நெசவாலைகளுக்குப் பேர்போனது. அங்கே 1957-ல் தொடங்கிய காடுனா டெக்ஸ்டைல் மில் 2002-ல் மூடப்பட்டது. 2007-ல் இன்னொரு பெரிய ஆலையும் கதவடைத்தது. 1986-ல் உலக வங்கியின் ஆதரவோடு புகுத்தப்பட்ட சிக்கனத் திட்டமும், மின்வெட்டும், மலிவான அந்நியத் துணியும் ஆலைகளை விழுங்கின. வடகிழக்கிலோ, 1960-களில் சுமார் 25,000 சதுர கிலோமீட்டர் பரந்திருந்த சாட் ஏரி, 1980-களில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே சுருங்கியது. பிறகு ஓரளவு நீர் பெருகிய போதிலும், மீனவரும் மாடு மேய்ப்பவரும் இழந்த வாழ்வு திரும்பவில்லை. தெற்கே பூமியிலிருந்து எண்ணெய் பொங்கியது. அந்தச் செல்வம் வடக்கே குடிசையை எட்டவில்லை.

எனினும் பசி மட்டுமே ஒருவனைப் பயங்கரவாதியாக்கி விடுவதில்லை. பசித்தவரில் ஆகப் பெரும்பாலோர் உழைத்தே பிழைக்கிறார்கள். பசியோடு சர்க்காரின் அநீதியும் சேரும்போதுதான் தீ பற்றுகிறது. 2009 ஜூலையில் போகோ ஹராம் தலைவர் முகமது யூசுப் போலீஸ் காவலிலேயே கொல்லப்பட்டார். கூட்டம் கலைந்ததா? முன்னைவிட வெறியோடு திரும்பியது.

ஐ.நா. வளர்ச்சித் திட்டம் 8 ஆப்பிரிக்க நாடுகளில் விசாரித்து 2023-ல் வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள். இத்தகைய கூட்டங்களில் தாமாகச் சேர்ந்தவர்களில் 25 சதவீதம் பேர் வேலையையே முதற்காரணமாகக் கூறினர். மதத்தைக் கூறியவர்கள் 17 சதவீதமே. திடீரென நடந்த ஒரு சம்பவமே தங்களைத் தள்ளியது என்றவர்களில் 71 சதவீதம் பேர் மனித உரிமைக் கொடுமைகளைச் சுட்டினர். அவற்றில் பல சர்க்காரின் படைகள் இழைத்தவை.

காரணத்தைச் சொல்வது நியாயம் கற்பிப்பதாகாது. 2014 ஏப்ரலில் சிபோக் பள்ளியிலிருந்து 276 மாணவிகளைக் கடத்தினார்கள். அதனால் எவனுக்கு வேலை கிடைத்தது? 43 கூலிகளைக் கொன்றதால் மூடிய ஆலை ஒன்றாவது திறந்ததா? பயங்கரவாதம் ஏழையின் ஆயுதமல்ல. அது ஏழையைக் கொல்லும் ஆயுதம்.

கொலைகாரரைப் பிடித்துச் சட்டப்படி தண்டிக்கட்டும். ஆனால் பெருகிவிட்டார்கள் என்று மக்கள் மீது பழி போட்டுவிட்டுத் துப்பாக்கியை மட்டும் நம்பும் சர்க்கார், நாளைய கூட்டத்துக்கு இன்றே ஆள் சேர்த்துக் கொடுக்கிறது. ஆலைக்கு மின்சாரம், வயலுக்கு நீர், பிள்ளைக்குப் பள்ளி, கைதானவனுக்கு நீதிமன்றம்: இவை தர்மமல்ல, மக்களின் உரிமை. இவற்றை மறுக்கும் நாட்டில் அமைதியை எதிர்பார்ப்பது வீண்.