டிக்கெட் எங்களிடம், நாற்காலி யாரிடம்?

பாடகர் வராமல் போயிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். ஃபிளைட் லேட், தொண்டை கட்டிக்கொண்டது, பேசிய பணம் வந்து சேரவில்லை என்று ஏதாவது ஒரு காரணம் சொல்லியிருப்பார்கள். எல்லோரும் சேர்ந்து திட்டித் தீர்த்துவிட்டு, கொடுத்த காசைத் திரும்ப வாங்கிக்கொண்டு போயிருப்போம். 2023 செப்டம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை, சென்னை பனையூர் ஆதித்யராம் பேலஸ் சிட்டியில் நடந்தது அப்படியில்லை. ஏ.ஆர். ரஹ்மான் வந்தார், பாடினார். உள்ளே இடம் கிடைத்தவர்களில் பலருக்கு அது மறக்க முடியாத ராத்திரி. டிக்கெட்டோடு கேட்டுக்கு வெளியே நின்ற எங்களுக்கு மட்டும் அவர் வரவேயில்லை.

‘மறக்குமா நெஞ்சம்’ என்று பெயர் வைத்த நிகழ்ச்சி. திரையிசையில் அவருடைய முப்பது வருடத்தைக் கொண்டாட ஏற்பாடு செய்தது. முதலில் ஆகஸ்ட் 12 என்றார்கள். மழை வந்தது, தள்ளிவைத்தார்கள். மழையைப் போய் யார் திட்ட முடியும்? சரி என்று காத்திருந்தோம். ஏற்பாட்டாளர்களுக்கு அதனால் கிட்டத்தட்ட ஒரு மாதம் கூடுதலாகக் கிடைத்தது. ஒரு மாதத்தில் நாற்காலியை எண்ண முடியாதா? எந்த கேட் வழியாக எந்த டிக்கெட் போகும் என்று நாலு போர்டு எழுதி வைக்க முடியாதா?

போகிற வழியையும் சொல்லியாக வேண்டும். தாம்பரத்திலிருந்து கிளம்பினால் சேலையூர், செம்பாக்கம், மேடவாக்கம், பெரும்பாக்கம். சோழிங்கநல்லூரில் ஓஎம்ஆரைக் கடந்து, பக்கிங்காம் கால்வாய்ப் பாலம் ஏறி இறங்கினால் அக்கரை, ஈசிஆர். அந்தப் பக்கம் ரயில் கிடையாது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் கால்வாய், நடுவில் ஒரே சாலை. அதில் பல்லாயிரம் பேர் ஒரே சாயங்காலத்தில் வந்து இறங்கினால் என்ன ஆகும் என்று கண்டுபிடிக்க நிபுணர் குழு வேண்டாம். ஒரு சனிக்கிழமை மாலை அக்கரை சிக்னலில் பத்து நிமிஷம் நின்று பார்த்தால் போதும். பாதிப் பேர் வண்டியை எங்கெங்கோ ஓரங்கட்டிவிட்டு, குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.

நடந்தவர்களுக்குக் கிடைத்தது மூடிய கேட். கோல்டு, டயமண்ட் என்று நகைக்கடை மாதிரி பெயர் வைத்து ஆயிரக்கணக்கில் வாங்கிய டிக்கெட்டுகள் வாசலில் வெறும் காகிதம். முன்னே போக வழியில்லை, திரும்பவும் வழியில்லை. கூட்டத்தில் கை விட்டுப்போன பிள்ளைகளைத் தேடிப் பெற்றவர்கள் கத்தினார்கள். நெரிசலைச் சாக்கிட்டுப் பெண்கள் மேல் சிலர் கை வைத்தார்கள். இதை எத்தனை பெண்கள் வெளிப்படையாகச் சொன்னார்கள், எத்தனை பேர் அழுதுகொண்டே வீடு திரும்பினார்கள்! அதற்கும் பதிலாக வந்தது, எதிர்பாராத கூட்டம் என்ற ஒரு வரி.

எதிர்பாராத கூட்டமா? இது தேர்த் திருவிழா இல்லையே, எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாமல் போக! டிக்கெட் விற்றவனுக்குத் தலைக்கணக்கு தெரியாதா? முந்நூறு இலைக்குச் சமைத்துவிட்டு ஆயிரம் பத்திரிகை கொடுத்தவன், பந்தியில் வந்து உட்கார்ந்தவர்களைக் குறை சொல்லலாமா? போலீஸ் அனுமதி 20,000 பேருக்கு என்று செய்தி வந்தது. வந்த கூட்டமோ அதைவிடப் பல ஆயிரம் அதிகம். அந்த அதிகம் எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி.

மறுநாள் ரஹ்மான், உள்ளே வர முடியாதவர்கள் டிக்கெட் நகலை அனுப்பச் சொன்னார். தானே பலியாடாக இருந்துவிட்டுப் போகிறேன் என்ற அர்த்தத்தில் எழுதவும் செய்தார். அது பெரிய மனசு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எங்களுக்கு ஆடு வேண்டியிருக்கவில்லை, கணக்குதான் வேண்டியிருந்தது. பனையூர் தாம்பரம் மாநகரக் காவல் எல்லை. ஆணையர் நேரில் வந்து இடத்தைப் பார்த்தார், கானத்தூர் போலீஸில் வழக்கும் பதிவானது. இரண்டு ஐபிஎஸ் அதிகாரிகள் இடம் மாற்றப்பட்டார்கள். அன்றைய நெரிசலில் முதல்வரின் கான்வாயும் சிக்கியிருந்தது. அதிகாரிகள் மாறியது நாங்கள் சிக்கியதற்கா, அவர் சிக்கியதற்கா என்று கேட்டால் கோபப்படாதீர்கள்.

அன்று பனையூரில் யாரும் சாகவில்லை. அது ஏற்பாடு இல்லை, அதிர்ஷ்டம். 2024 அக்டோபரில் மெரினா விமான சாகசத்துக்குப் போனவர்களில் 5 பேர் வெயிலில் செத்தார்கள். 2025 செப்டம்பர் 27, கரூர் அரசியல் பிரசாரத்தில் மணிக்கணக்கில் காத்திருந்த கூட்டத்தில் நெரிசல். 41 பேர் போனார்கள். அதே வருடம் டிசம்பர் 13, கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் மெஸ்ஸியைப் பார்க்கப் பணம் கட்டிப் போனவர்களுக்குத் தெரிந்தது அவரைச் சுற்றி நின்ற பிரமுகர்களின் முதுகு. சில நிமிஷங்களில் அவர் கிளம்பிவிட்டார், நாற்காலிகள் பறந்தன. அங்கே ஏற்பாட்டாளரை அன்றைக்கே கைது செய்தார்கள், முதலமைச்சர் மன்னிப்புக் கேட்டார்.

நாங்கள் நாற்காலியை வீசவில்லை. வீசுவதற்கு எங்களிடம் நாற்காலி இருந்தால்தானே!

இனி ஈசிஆரில் கச்சேரி வைக்கிறவர்கள், அனுமதி எத்தனை பேருக்கு, விற்றது எத்தனை என்று இரண்டு எண்களை டிக்கெட்டிலேயே அச்சடியுங்கள். இரண்டாவது எண் பெரிதாக இருந்தால் நாங்கள் வீட்டிலேயே இருந்துகொள்கிறோம். பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்று சொல்கிறவர்கள், டிக்கெட் விலைக்கு மேல் பிடித்த வரியையும் புக்கிங் கட்டணத்தையும் சேர்த்துத் தாருங்கள். அதையும் எங்கள் சம்பளத்திலிருந்துதான் கட்டினோம்.