மேட்டூர் உபரிநீரும் ஏரி மராமத்தும்

சேர்வராயன் மலையில் உற்பத்தியாகும் திருமணிமுத்தாறும் சரபங்கா நதியும் சேலம், நாமக்கல் சமவெளிகளைக் கடந்து காவிரியில் சேர்கின்றன. மழையையே நம்பிய இவ்வாறுகளின் வெள்ளம் சில நாட்களில் வடிந்துவிடும். அதனைத் தேக்கிப் பயன்கொள்ளவே முன்னோர் ஏரிகளை அமைத்தனர்.

1934-ஆம் ஆண்டில் மேட்டூர் அணை முடிவுற்றது. 93.47 டி.எம்.சி. கொள்ளளவுள்ள அவ்வணை சேலம் ஜில்லாவில் இருந்தும், அதன் நீரிற் பெரும்பகுதி தஞ்சைக்கே செல்கின்றது. 1955-இல் திறக்கப்பட்ட கிழக்கு, மேற்குக் கரைக் கால்வாய்கள் சுமார் 45,000 ஏக்கருக்குப் பயன்படுகின்றன. மேட்டுநிலத்துக் குடியானவருக்குக் கிணறே கதியாயிற்று.

இக்குறையை நீக்க, 565 கோடி ரூபாய் மதிப்பீட்டில், அணையின் உபரிநீரை இறைத்துச் சரபங்கா வடிநிலத்தின் 100 ஏரிகளுக்கு அளிக்கும் திட்டம் வகுக்கப்பட்டு, 2021-இல் அதன் முதற்பகுதி தொடங்கப்பெற்றது. நன்முயற்சியே, எனினும் உபரிநீர் எல்லா ஆண்டிலும் கிட்டுவதன்று. கிட்டும் சில நாட்களில் நீரை ஏற்க ஏரி ஆயத்தமாயிருத்தல் வேண்டும். வரத்து வாய்க்கால் ஆக்கிரமிப்புற்று, உள்வாய் வண்டலாலும் சீமைக் கருவேலாலும் நிரம்பி, மதகு பழுதுற்றிருப்பின், செலவிட்ட பொருள் வீணாகும்.

ஆழ்துளைக் கிணறு இருக்க ஏரி எதற்கு என்பார் உளர். இந்நிலத்தின் அடியில் உள்ளது கடினப் பாறை. மேலுள்ள மக்கிய அடுக்கிலும் பாறை வெடிப்புகளிலுமே நீர் தங்கும். ஊறுவதற்கு ஏரியில் நீரின்றி ஒருவர் ஆழமாகத் துளையிட்டால், அண்டையார் கிணறு வற்றுவதும் இருவரும் கடன்படுவதுமே கண்ட பலன்.

ஆகவே கோடையிலேயே ஆயக்கட்டுதாரர் ஒன்றுகூடி வரத்து வாய்க்காலைத் தூர்வாருதல் நன்று. கிராம நிர்வாக அலுவலர் புலப்படத்தைக் கொண்டு எல்லைக்கல் பார்த்து, ஆக்கிரமிப்பைத் தாமதமின்றி மேலதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். 2024 முதல் வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெற்று வண்டலைக் கட்டணமின்றி எடுக்கலாம். ஏரி ஆழமாவதுடன் வயலும் வளம் பெறும்.

குடிமராமத்து புதுவழக்கமன்று. சர்க்கார் நீரைக் கொண்டுவரக்கூடும். அதனைத் தேக்கிக் காக்க வேண்டியவர் ஊராரே.