கண் முகாமுக்கு ஆயா ஏன் வரவில்லை?

செஞ்சிக்குக் கிழக்கே, திண்டிவனம் போகும் பக்கம் இருக்கிறது வல்லம். நெல்லும் மல்லாட்டையும் விளையும் பூமி. இங்குள்ள ஒரு கிராமத்தில் வருகிற ஞாயிற்றுக்கிழமை இலவசக் கண் சிகிச்சை முகாம் என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டு நாளைக்கு முன்பே ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். டீக்கடையிலும் ரேஷன் கடையிலும் துண்டு நோட்டீஸ் கிடக்கும். ‘ஆதார் அட்டை நகல், மாற்றுத்துணியுடன் வரவும்’ என்று எழுதியிருக்கும். நோட்டீஸின் ஒரு மூலையில் பல்சக்கரம் இருந்தால் ரோட்டரி சங்கம். சிங்க முகம் இருந்தால் லயன்ஸ், அதாவது அரிமா சங்கம்.

அறிவிப்பு கடைசி வீட்டுத் திண்ணை வரை கேட்கிறது. அங்கே உட்கார்ந்திருக்கும் ஆயாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. வருகிற பேருந்து எதுவென்று தெரியாது. அரிசியில் கல் பொறுக்க முடியாது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ஆயா கிளம்பப் போவதில்லை.

இலவசம்தான், பக்கத்திலேயேதான். அப்புறம் ஏன் வரவில்லை? சேவைச் சங்கங்கள் பதில் தேடிக்கொண்டிருக்கும் கேள்வி இது.

யார் என்ன செய்கிறார்கள்?

முகாமை நடத்துவது யார் என்பதில் பலருக்குக் குழப்பம் உண்டு. வேலை இரண்டாகப் பிரிந்திருக்கிறது. பள்ளிக்கூடமோ கல்யாண மண்டபமோ பிடிப்பது, நோட்டீஸ் அடிப்பது, நாற்காலி, குடிநீர், சாப்பாடு, வரிசையை ஒழுங்குபடுத்த ஆட்கள். இதெல்லாம் சங்கத்தின் பொறுப்பு. மருத்துவர்கள், பரிசோதனைக் கருவிகள், அறுவை சிகிச்சை ஆகியவை கண் மருத்துவமனையின் பொறுப்பு. தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம் 1976-ல் தொடங்கியது. அதன்கீழ், தொண்டு மருத்துவமனைகள் செய்யும் இலவச கண்புரை அறுவை சிகிச்சைக்கு அரசு ஒரு தொகை தருகிறது.

முகாமில் முதலில் எழுத்துப் பலகையை வைத்துப் பார்வையைச் சோதிப்பார்கள். பிறகு கண் நீர் அழுத்தம், ரத்த அழுத்தம், சர்க்கரை. கண்புரை என்று முடிவானால், பெரும்பாலும் அன்றைக்கே பேருந்தில் மருத்துவமனைக்கு அழைத்துப் போவார்கள். அங்கே அறுவை சிகிச்சை செய்து, கண்ணுக்குள் லென்ஸ் வைத்து, சில நாளில் திருப்பிக் கொண்டுவந்து விடுவார்கள். ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனை நடக்கும்.

சிகாகோவிலிருந்து மதுரைக்கு

ரோட்டரி தொடங்கியது 1905 பிப்ரவரி 23 அன்று, அமெரிக்காவின் சிகாகோ நகரில். பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞரும் மூன்று நண்பர்களும் முறைவைத்து ஒருவர் அலுவலகத்தில் மாற்றி ஒருவர் அலுவலகத்தில் கூடினார்கள். அந்தச் சுழற்சிதான் பெயராயிற்று. மெட்ராஸுக்கு ரோட்டரி 1929-ல் வந்தது.

லயன்ஸ் சங்கமும் அதே சிகாகோவில் 1917-ல் பிறந்ததுதான். அதன் பாதையை மாற்றியவர் ஒரு பெண். 1925-ல் லயன்ஸ் மாநாட்டுக்கு வந்த ஹெலன் கெல்லர், பார்வையற்றவர்களுக்காக உழைக்கும்படி உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டார். பார்க்கவும் கேட்கவும் முடியாத ஒருவரே வந்து கேட்ட பிறகு, கண் பராமரிப்பு அவர்களின் முதன்மைப் பணியானது.

தமிழ்நாட்டில் அந்தப் பணிக்குக் கிடைத்த பெரிய துணை டாக்டர் ஜி.வெங்கடசாமி. அரசுப் பணியில் ஓய்வு பெற்றபின், 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1992-ல் அங்கேயே ஒரு பயிற்சி நிறுவனம் உருவானது. லயன்ஸ் சங்கத்தின் உலகளாவிய பார்வைத் திட்டமும் அதற்கு உதவியது. இன்றும் அதன் பெயரில் லயன்ஸ் இருக்கிறது.

எங்கோ வெளிநாட்டில் யாரோ ஒரு லயன்ஸ் உறுப்பினர் திரட்டிய பணம் மதுரையில் வகுப்பறை ஆனது. ஆசியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் மருத்துவமனைகள் அங்கே ஆட்களை அனுப்பி, குறைந்த செலவில் நிறையப் பேருக்குச் சிகிச்சை தருவது எப்படி என்று கற்றுக்கொண்டன. மதுரையில் 1992-ல் தொடங்கிய ஆரோலேப், இறக்குமதியை நம்பியிருந்த கண் லென்ஸை உள்ளூரிலேயே மலிவாகத் தயாரித்து, வெளிநாடுகளுக்கும் அனுப்பியது. 2003 முதல் புதுச்சேரியிலும் அரவிந்த் மருத்துவமனை இயங்குகிறது.

மருத்துவமனை, லென்ஸ், மருத்துவர், பேருந்து, சாப்பாடு எல்லாம் தயார். ஆயா மட்டும் திண்ணையிலேயே இருக்கிறார்.

நூற்றுக்கு ஏழு

தமிழ்நாட்டின் கிராமப்புறங்களில் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 1999-ல் வெளியானது. இலவச முகாம்கள் நடக்கும் பகுதியிலேயே, கண் பிரச்சினை உள்ள பெரியவர்களில் 100-க்குச் சுமார் 7 பேர்தான் முகாமுக்குப் போயிருந்தார்கள். கூட்டம் அலைமோதுகிறது என்று நினைத்திருந்தவர்களுக்கு இது அதிர்ச்சிதான். வந்தவர்களை எண்ணிக்கொண்டிருந்தபோது, வராதவர்கள் கணக்கிலேயே இல்லாமல் போயிருந்தார்கள்.

காரணங்கள் புரிந்துகொள்ள முடியாதவை அல்ல. “சாவப்போற வயசுல கண்ணு எதுக்குப்பா?” என்று ஓர் ஆயா கேட்பார். “ஆட்டை யார் பார்த்துக்குவா?” என்பார் இன்னொருவர். கூலிக்குப் போகும் மகனுக்கும் மருமகளுக்கும் துணைக்குப் போனால் அன்றைய சம்பளம் போச்சு. முகாம் இலவசம், போய்வர ஆகும் செலவும் இழக்கும் கூலியும் இலவசம் இல்லை.

எல்லாவற்றுக்கும் மேல் பயம். அதையும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. 2008 ஜூலையில், அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த கள்ளக்குறிச்சி பக்கத்துக் கிராம முகாமிலிருந்து பெரம்பலூருக்கு அழைத்துச் செல்லப்பட்டவர்களில் 66 பேர், அறுவை சிகிச்சைக்குப் பின் கிருமித்தொற்றால் அந்தக் கண்ணில் பார்வை இழந்தார்கள். விவகாரம் நீதிமன்றம் வரை போனது. அந்தச் செய்தி கேட்ட மாவட்டத்தில் ஒரு பாட்டி தயங்கினால், அதற்குப் பதில் சொல்லும் பொறுப்பு முகாம் நடத்துபவர்களுக்குத்தான் இருக்கிறது.

எக்ஸ் போட்ட வீடு

பதில் எப்படிச் சொல்வது? போலியோ ஒழிப்பில் அதற்கு ஒரு பாடம் இருக்கிறது.

உலகம் முழுவதும் குழந்தைகளுக்குப் போலியோ மருந்து கொடுக்கும் திட்டத்தை ரோட்டரி 1985-ல் அறிவித்தது. 1988-ல் உலகச் சுகாதார நிறுவனமும் நாடுகளும் கைகோத்தன. அப்போது ஆண்டுக்குச் சுமார் 3,50,000 குழந்தைகள் போலியோவால் பாதிக்கப்பட்டுக்கொண்டிருந்தார்கள். இந்தியாவில் 1995-ல் நாடு தழுவிய சொட்டு மருந்து முகாம்கள் தொடங்கின.

முகாம் போட்டு, குழந்தைகள் வரட்டும் என்று காத்திருந்ததோடு நின்றிருந்தால் போலியோ போயிருக்காது. பணியாளர்கள் வீடு வீடாகப் போனார்கள். எல்லாக் குழந்தைக்கும் மருந்து கொடுத்த வீட்டுச் சுவரில் ‘பி’ என்று எழுதினார்கள். குழந்தை விடுபட்ட வீட்டில், மறுத்த வீட்டில் ‘எக்ஸ்’. அடுத்து வருகிறவர்களுக்கு முதல் வேலை அந்த எக்ஸ் வீடுகள்தான். மறுத்தவர்களிடம் அவர்கள் நம்புகிற உள்ளூர்ப் பெரியவர்களை அழைத்துக்கொண்டு போனார்கள். இந்தியாவின் கடைசி போலியோ பாதிப்பு 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தின் ஹவுராவில். 2014 மார்ச் 27 அன்று போலியோ இல்லாத நாடு என்ற சான்று கிடைத்தது.

கண் முகாமுக்கும் இது பொருந்தும். முகாம் முடிந்த மறுநாள், வராத வீடுகளின் பட்டியல் சங்கத்தின் கையில் இருக்க வேண்டும். அந்த வீட்டுக்கு, போன ஆண்டு அறுவை சிகிச்சை செய்துகொண்ட அதே தெருக்காரர் ஒருவரை அழைத்துப் போகலாம். “எனக்கு வலிக்கல, நீயும் வா” என்று அவர் சொல்வதற்கு எந்த மைக்கும் ஈடாகாது. ஆட்டைப் பார்த்துக்கொள்ள ஆள், துணைக்கு வர ஒரு தன்னார்வலர். இதற்குப் பெரிய நன்கொடை வேண்டாம், நேரம்தான் வேண்டும்.

உங்கள் வீட்டில் ஒரு ஆயா இருந்தால்

* ‘புரை முத்திப் பழுக்கணும்’ என்று காத்திருக்க வேண்டாம். பார்வை மங்கி அன்றாட வேலை தடைபட்டாலே மருத்துவரைப் பார்க்கலாம். முற்ற விட்டால் சிகிச்சை கடினமாகலாம்.

* அறுவை சிகிச்சை எந்த மருத்துவமனையில், மறுபரிசோதனை என்றைக்கு, பிரச்சினை என்றால் யாரைக் கூப்பிடுவது? இந்த மூன்றையும் முகாமிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

* சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் மாத்திரைகளை மறக்காமல் காட்டுங்கள்.

* வீடு திரும்பிய பிறகு வலி, சிவப்பு, பார்வை குறைதல் இருந்தால் மறுபரிசோதனை நாள் வரை காத்திருக்காமல் உடனே போங்கள்.

முகாம் நாளன்று மாலை, சால்வை, குழுப் படம் எல்லாம் உண்டு. ஒரு மாதம் கழித்து நடக்கும் மறுபரிசோதனைக்குப் பேனர் கட்டமாட்டார்கள், கூட்டமும் இருக்காது. ஆனால் சங்கம் செய்த வேலையின் பலன் தெரிவது அன்றைக்குத்தான். பெயரைக் கூப்பிட்டதும் யார் கையையும் பிடிக்காமல் எத்தனை ஆயாக்கள் எழுந்து நடந்து வருகிறார்கள் என்று பார்த்தால் போதும்.